தையல்நாயகி சொன்ன வைத்தியம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தையல்நாயகிக்கு இருபத்தாறு வயதுக்குள் நாலு வேலை மாறிவிட்டது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம், எஸ்டிடி பூத்தில் எட்டு மாதம், ஒரு கல்யாண மண்டபத்து ஆபீசில் நாற்பது நாள். நாலாவதாக இம்தியாஸ் பாயின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், மாடியில், இரண்டு அறை. பழுதாகி வருகிற கம்ப்யூட்டர்களைத் திறந்து, தூசி தட்டி, விண்டோஸ் போட்டு அனுப்புவது அவள் வேலை. இதில் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தாள். காரணம், தினமும் வேறு வேறு மெஷின் வந்தது.

"பாவு பிணைக்கிற வேலைக்கு உன்னை உக்கார வச்சா ஒரு புடவைகூட தறியிலேருந்து எறங்காதுடி," என்பாள் அவள் அம்மா அம்சா. நெசவுக் குடும்பம் அவர்களுடையது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிற பெண் அவள்.

2006இல், கடையில் வேலை இல்லாத ஒரு மதியம், தையல்நாயகி ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். தன் பெயரையே அதற்கு வைத்தாள். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் ஜாக்கெட் கட்டிங் கற்றுக்கொள்ள வந்தவர்கள். "சுடிதார் அளவு எடுப்பது எப்படி?" என்று கேட்ட ஒருவருக்கு, "தெரியாது, ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் சொல்லுங்கள்" என்று பதில் போட்டாள்.

எழுதியது இரண்டே விஷயம். ஒன்று, கம்ப்யூட்டர் விளையாட்டுகள். பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடியில் விளையாட்டின் முதல் கட்டம் மட்டும் இருக்கும். அதை இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு உடனே எழுதிவிடுவாள். "இந்தக் கார் விளையாட்டில் மழை நன்றாகப் பெய்கிறது. நம்ம ஊர் மழையில் ரோடு தெரியாது, இதில் தெரிகிறது. கம்ப்யூட்டரில் ராம் மெமரி குறைவாக இருப்பவர்கள் மழையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்." இன்னொன்று: "வில்லனைப் பிடிக்கும் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. பிடித்தவர்கள் அவன் என்ன ஆனான் என்று சொல்லவும்." படித்தவர்கள் சிரித்தார்கள், மறுபடி வந்தார்கள்.

இரண்டாவது விஷயம், எரர் வைத்தியம். கம்ப்யூட்டர் திரையில் என்ன எழுத்து வந்து நின்றால் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதினாள். பாதி அவள் கடையில் செய்து பார்த்தது. மீதிப் பாதி ஆங்கிலத் தளங்களில் படித்துவிட்டு அப்படியே தமிழில் தட்டியது. எது எந்தப் பாதி என்று அவள் எங்கேயும் குறிக்கவில்லை. குறிக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

2007 ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, கடையைத் திறந்து வலைப்பூவைப் பார்த்தபோது ஒரு பின்னூட்டம் காத்திருந்தது. கம்ப்யூட்டர் துவங்கும்போதே கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவள் எழுதியிருந்த பதிவின் கீழே, அம்ருதம் என்ற பெயரில்:

"நீங்கள் எழுதியதை முன்பே தாளில் குறித்து வைத்திருந்தேன். அதன்படியே செய்தேன். பயமுறுத்தும், பயப்படாமல் ஒய் அடியுங்கள் என்று போட்டிருந்தீர்கள். அடித்தேன். இப்போது டி டிரைவையே காணவில்லை. அதில்தான் என் கணவரின் நாலு வருஷ உழைப்பு இருக்கிறது. அவர் ஊரில் இல்லை. சனிக்கிழமை வருகிறார். நான் என்ன செய்யட்டும்?"

தையல்நாயகி நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். தான் எழுதிய பதிவை மறுபடி படித்தாள். மீட்புத் திரையில் ஒரு கட்டளை கொடுக்கவேண்டும். கொடுத்ததும், 'டிஸ்க்கின் பிரிவுகள் பாழாகலாம், தொடரலாமா? ஆம் என்றால் ஒய்' என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கும். அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தது: "இது எல்லாரையும் இப்படித்தான் மிரட்டும். ஒய் அடித்தால் போதும், வேலை முடிந்தது." அந்தக் கட்டளையை அவள் ஒரு முறைகூடக் கொடுத்துப் பார்த்ததில்லை.

"உங்கள் போன் நம்பர் கொடுங்கள், உடனே" என்று பதில் போட்டுவிட்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து மாடிப்படி வரை போய் வந்தாள். ஒரு மெஷினைத் திறந்து, ஸ்க்ரூவை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடினாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, எறும்பு கடிச்சாப்ல நடந்துக்கினே கீற?" என்றார் இம்தியாஸ்.

சொன்னாள். அவர் பதிவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நீ செஞ்சு பாத்தியா?"

"இல்ல பாய்."

"அரே, செஞ்சு பாக்காத மருந்த ஊருக்கே குடுத்துக்கினு இருக்கியே. பேஜாராச்சே!" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் மூன்று மணிக்கு நம்பர் வந்தது. இருபத்தேழில் தொடங்கும் உள்ளூர் எண். தையல்நாயகி திரையையே பார்த்தாள். சிங்கப்பூரோ மதுரையோ என்று நினைத்திருந்த மனுஷி இதே காஞ்சிபுரத்தில் இருக்கிறாள். போன் போட்டாள். சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பத்து நிமிஷத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்த அம்ருதவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா தையல்நாயகி? நான் உன்னை ஆம்பிளைன்னுன்னா நெனச்சேன்! பேரை வச்சு ஏமாத்தறான்னு."

"மேடம், கம்ப்யூட்டர் ஆன்ல இருக்குதா?"

"இருக்கே. நேத்திக்கே தெரு முனையிலேருந்து ஒருத்தரைக் கூப்பிட்டேன். அவர் வந்து புதுசா விண்டோஸ் போட்டுக் கொடுத்துட்டார். இப்போ நன்னா ஓடறது, ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லே."

தையல்நாயகி உள்ளே ஓடி மின்சார ப்ளக்கையே பிடுங்கினாள். காணாமல் போனதன் மேலேயே புதிதாக எழுதியாயிற்று. ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் கொஞ்சம் அழியும்.

அப்புறம்தான் கேட்டாள், என்ன போயிற்று என்று. அம்ருதவல்லியின் கணவர் சக்ரவர்த்தி சம்ஸ்கிருத ஆசிரியராக இருந்தவர். கோயில் உற்சவங்களைப் பற்றி, ஒவ்வொரு வாகனமும் எந்தத் தெருவில் எங்கே நிற்கும், யார் தோள் கொடுப்பார்கள், எந்த மண்டபத்தில் என்ன பாடுவார்கள் என்று நாலு வருஷமாக வாயால் சொல்லி வந்தார். அம்ருதவல்லி தட்டச்சு செய்தார். இருபத்தேழு அத்தியாயம். வேறு பிரதி இல்லை. இப்போது அவர் ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டில்.

"அது மட்டும் இல்லேடிம்மா," என்று குரலைத் தாழ்த்தினார் அம்ருதவல்லி. "ரோமாபுரி மாதிரி ஒரு நகரம் கட்டற விளையாட்டு. அவர் சொல்லச் சொல்ல அடிச்சு முடிச்சப்புறம் தெனமும் அரை மணி அதுலேதான் இருப்பேன். நீ எழுதித்தான் வாங்கினேன். குழாயெல்லாம் போட்டு, சந்தையெல்லாம் வச்சு... அதுவும் போச்சு. அதை யார்கிட்ட சொல்லி அழறது?"

தையல்நாயகிக்கு அந்த விளையாட்டு ஞாபகம் இருந்தது. "குழாய் போடுவதற்குள் அலுத்துவிட்டது" என்று எழுதியிருந்தாள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைக்க மனம் வராமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்தாள். கடையில் அதை வேறு ஒரு மெஷினில் மாட்டி, அழிந்த ஃபைல்களைத் தேடும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட விட்டாள். இந்தத் தடவை முதலில் ஒரு பழைய டிஸ்க்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

தேடி முடிக்க செவ்வாய்க்கிழமை முழுதும் ஆயிற்று. நடுவில் இரண்டு தரம் கரண்ட் போனது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தும்போதெல்லாம் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். கடைக்கு வந்தவர்களிடம் வள்ளென்று விழுந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் முடிவு வந்தது. ஆயிரத்து நூறு ஆவணங்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். திறந்தால் தமிழ்கூட இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. ஒரு கணம் எல்லாம் போயிற்று என்றே நினைத்தாள். பிறகுதான் புரிந்தது, பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்தது அது. அந்த எழுத்துருவைத் தேடிப் போட்டதும் குப்பை சட்டென்று "கருட சேவையன்று விடியற்காலை" என்று மாறியது. தையல்நாயகி கையைத் தட்டியதில் இம்தியாஸ் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

ஆனால் ஆயிரத்து நூறையும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். பெரும்பாலும் அம்ருதவல்லி பள்ளிக்கூடத்துக்குத் தயாரித்த கேள்வித்தாள்கள். பாதி அத்தியாயம் ஒன்றில், மீதி வேறொன்றில். ஒரே அத்தியாயத்தின் ஏழு பழைய பிரதிகள். எது கடைசிப் பிரதி என்று தட்டச்சு செய்தவருக்குத்தான் தெரியும். புதன்கிழமை காலை அம்ருதவல்லி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

மூன்று நாள் இரண்டு பேரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தார்கள். தையல்நாயகி திறப்பாள், அம்ருதவல்லி பார்த்துச் சொல்வார். "இது வேண்டாம். இது பழசு. இது... இரு, இரு, கீழே போ. ஆமாம், இதுதான்." நூறாவது ஃபைலில் தையல்நாயகியின் முதுகு வலித்தது. இருநூறாவதில், ஓடிப் போய் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸிலாவது ஏறிவிடலாம் என்று இருந்தது. எழுந்து, வாசல் வரை போய், திரும்பி வந்தாள். ஒரு மணிக்கு நாலு தரம் அப்படி எழுந்தாள்.

"உனக்கு உக்காரவே வராதாடி?" என்றார் அம்ருதவல்லி.

"வராது மேடம். எங்க வீட்ல எல்லாரும் உக்காந்தே வேலை செய்றவங்க. எனக்கு மட்டும் வரல."

"நடந்துட்டு வா. ஆனா வா."

வந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயிரத்து நூறும் முடிந்தது. இருபத்துநாலு அத்தியாயம் கிடைத்தது. பதினொன்று, பதினெட்டு, பத்தொன்பது மூன்றும் இல்லை. நகரம் இல்லவே இல்லை.

"மூணுதானேன்னு சொல்ல முடியாது," என்றார் அம்ருதவல்லி. "அவர் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணரை மாசம் எடுத்துப்பார்." பிறகு, "நீ நாளைக்கு வரவேண்டாம். நான் சொல்லிக்கறேன். அமுக்கினது நான்தானே" என்றார்.

சனிக்கிழமை காலை தையல்நாயகி கடைக்குப் போகவில்லை. வீட்டில் அப்பா முருகேசன் தறியில் இருந்தார். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அவளும் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தாள். "ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய போ" என்று அம்சா கத்தினதும் வெளியே போனாள். சைக்கிள் நேராகச் சின்ன காஞ்சிபுரத்தில் போய் நின்றது.

சக்ரவர்த்தி அப்போதுதான் வந்து, கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். அம்ருதவல்லி பாதி சொல்லியிருந்தார் என்று இருவர் முகத்திலும் தெரிந்தது.

"யார் இது?" என்றார்.

"நான்தான் சார் அதை எழுதினது. ஒய் அடிக்கச் சொல்லி."

அவர் அவளைப் பார்த்தார். "எழுதறத்துக்கு முன்னாடி நீ அதைப் பரீட்சை பண்ணிப் பாத்தியா?"

"இல்லைங்க சார். வேற சைட்ல பாத்து எழுதினேன்."

"எந்தெந்த அத்தியாயம் போச்சு?"

அம்ருதவல்லி எண்களைச் சொன்னார். பதினெட்டு என்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அத்தியாயத்துக்கு விவரம் சொன்ன சீர்பாதக்காரர், பெருமாளைத் தோளில் சுமந்தவர், போன தையில் காலமாகிவிட்டார். சக்ரவர்த்தி எழுந்தார். உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தையல்நாயகி நின்றாள். அரை மணி நேரம் நின்றிருப்பாள், கால் ஆடாமல். அவர் வெளியே வரவில்லை.

"போம்மா," என்றார் அம்ருதவல்லி. "இன்னிக்கு வரமாட்டார்."

திங்கட்கிழமை வலைப்பூவில் அந்தப் பதிவின் தலையில் சிவப்பு எழுத்தில் எழுதினாள்: "இதில் சொன்னதை நான் செய்து பார்க்காமல் எழுதினேன். ஒருவருக்கு ஈடு செய்யமுடியாத நஷ்டம் ஆகிவிட்டது. தவறு என்னுடையது. இதைச் செய்யாதீர்கள்." பதிவை அழித்துவிடலாம் என்று இம்தியாஸ் சொன்னார். அழித்தால், ஏற்கெனவே தாளில் குறித்துக்கொண்டு போனவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

கடை மூலையில் யாரும் வாங்காமல் கிடந்த பழைய மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து, எழுதியிருந்த நாற்பத்தொரு வைத்தியத்தையும் ஒவ்வொன்றாக அதில் செய்து பார்த்தாள். வேண்டுமென்றே ஃபைலை அழிப்பாள், எரர் வரவைப்பாள், தான் எழுதியதைப் பார்த்து அதன்படியே சரி செய்வாள். பதினாலு சரியாக வேலை செய்தன. பதினெட்டைத் திருத்தவேண்டியிருந்தது. ஒன்பது சுத்தப் பொய். மார்கழி பிறக்கும்வரை இழுத்தது அந்த வேலை. நடுவில் பத்து நாள் வெறுத்துப்போய் விட்டுவிட்டாள். பிறகு எடுத்தாள். விளையாட்டு விமர்சனங்கள் குறைந்தன. வாசகர்கள் சிலர் அதற்காகக் கோபித்துக்கொண்டார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் சின்ன காஞ்சிபுரம் போய், அந்த மாதம் தட்டச்சு செய்ததையெல்லாம் இரண்டு சிடியில் எழுதிக் கொடுத்தாள். ஒன்று அலமாரிக்கு, ஒன்று அம்ருதவல்லியின் பெண் ஸௌம்யா வீட்டுக்கு. சக்ரவர்த்தி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலை நிமிரமாட்டார். பதினொன்றையும் பத்தொன்பதையும் மறுபடி சொல்லி முடித்தார். பதினெட்டுக்குப் பதிலாக, தனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும் மூன்று பக்கத்தில் சொன்னார். அதை அடித்து முடித்த ஞாயிறன்று, பேப்பரை இறக்காமலே மனைவியிடம், "அந்தப் பொண்ணை மத்ததெல்லாம் ரெண்டு பிரதி எடுக்கச் சொல்லு. இதை மூணு எடுக்கச் சொல்லு" என்றார். தையல்நாயகிக்கு அது நன்றாகவே கேட்டது. மூன்று எடுத்தாள்.

இம்தியாஸின் கடையில் மொத்தம் இரண்டரை வருஷம் இருந்தாள். 2008 கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பராமரிக்கும் வேலை கிடைத்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நாள் முழுக்க நடக்கவேண்டிய வேலை என்று இன்டர்வியூவில் சொன்னபோது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் ஒருவர் பழுதான மெஷினைக் காட்டி, "சீக்கிரம் ஏதாவது பண்ணும்மா, லைன் நிக்குது" என்று பரபரத்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். தையல்நாயகி ஒரு காலை ஆட்டிக்கொண்டே, திரையில் வந்திருந்த எச்சரிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாகப் படித்தாள்.