வாங்க மறுத்த நூற்று நாற்பது ரூபாய்

காலை எட்டே முக்காலுக்குத் தருமபுரிப் பேருந்து நிலையத்தில், பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியில் ஏறினேன். மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டுத் திருச்சிக்குத் திரும்புகிற வழி. சேலத்தில் இறங்கி மாற வேண்டும். அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் வத்தல்மலை விவசாயி, பெயர் வெள்ளையன். மனைவி மாதம்மாளுக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்கு ஆபரேஷன். செலவுக்கு ஆடு விற்க மலைக்குப் போனவர், அங்கே ஒரு நாள் தாமதமாகி இப்போதுதான் இறங்கி வருகிறார்.

"நீ வந்து மூஞ்சி காட்டுனாத்தான் உள்ள போவேன்னு சொல்லிருக்குதுங்க. ரொம்ப பயந்த சுபாவம்ங்க" என்றார்.

நல்லம்பள்ளி தாண்டி, சுங்கச்சாவடியும் தாண்டி, ஒன்பதரைக்குத் தொப்பூருக்குச் சற்று முன்னால் ஓர் ஓட்டலில் வண்டி நின்றது. "பதினஞ்சு நிமிஷம்" என்றார் நடத்துநர். வாசலில் பலகை: 'ரொக்கம் பெறப்படாது. கைப்பேசி வழியாக மட்டும்.' வெள்ளையனிடம் இருந்தது பட்டன் போன். நான் பலகையைப் படித்துச் சொன்னதும் வண்டிப் பக்கம் திரும்பினார். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் காசாளராக இருந்தவன், சும்மா இருப்பேனா?

"முன்கூட்டியே இப்படிப் பலகை வைக்கலாமாங்கறதுல வக்கீலுங்களுக்குள்ளயே சண்டை. ஆனா சாப்பிட்டு முடிச்சிட்டா அது கடன். கடனுக்கு ரூபா நோட்டை நீட்டினா வாங்கித்தான் ஆகணும். நீங்க தைரியமா வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

நாலு இட்லி, ஒரு டீ, நூற்று நாற்பது ரூபாய். பில் போடும் பெண், அவர் நீட்டிய நோட்டுகளைத் தொடவே இல்லை.

"சார், இங்க கல்லாப்பெட்டியே கெடையாதுங்க. நான் கேஷ் வாங்குனா ஓனர் திட்டுவாருங்க."

சட்டத்தை விளக்கினேன். மேலாளர் வந்தார். அவருக்கும் முதலிலிருந்து விளக்கினேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சட்டைப் பையில் என் கைப்பேசி இருந்தது. அரை நிமிஷ வேலை. ஜெயிக்கும் ஆசையில் அதை எடுக்கவில்லை.

ஹாரன் கேட்டது.

"நீங்க ஏறுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"காசு குடுக்காம எப்பிடிங்க போறது? துன்னுட்டு ஓடிட்டான்னு சொல்லுவாங்க" என்று வெள்ளையன் அங்கேயே நின்றார்.

மறுபடி ஹாரன். இரண்டே நிமிஷம் என்று நடத்துநருக்கு நானே கையைக் காட்டினேன். பேருந்து நகர்வதைப் பார்த்த பிறகுதான் கைப்பேசியை எடுத்துப் பணம் கட்டினேன்.

வேறு எந்த வண்டியும் அங்கே நிற்காது. தொப்பூர் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர். நான் நடந்தேன், அவர் ஓடினார். பத்தரைக்கு ஒரு பேருந்து கிடைத்தது. கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் அது ஊர்ந்துகொண்டே போனது. இருவரும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

வார்டு வாசலில் அவர் மகள் நின்றிருந்தாள். "பதினொன்னுக்கே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா. அம்மா மாட்டேன்னு அழுதுச்சு. அப்பா வந்துருவாரு, நீ போம்மான்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

மூன்று மணிக்கு மருத்துவர் வெளியே வந்து சொன்னார். மாதம்மாள் கண் விழிக்காமலே இறந்துவிட்டார். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பசித்தவருக்கு இட்லி வாங்கித் தர வேண்டியவன், அவரை வைத்து வழக்காடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஐந்து மணிக்குச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். வெள்ளையனே பின்னால் வாசல் வரை வந்து, மடித்த நோட்டுகளை நீட்டினார்.

"இட்லிக் காசுங்க."

"ஐயோ, வேண்டாங்க" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அவர் நீட்டிய கையை இறக்கவில்லை. "நீங்களும் வாங்க மாட்டீங்களாங்க?" என்று கேட்டார்.

வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் எண்ணிப் பார்க்காமல் வாங்கிய பணம் அது ஒன்றுதான்.