பேனர் மேலே போனது, ஆக்சிஜன் கங்கோத்ரியில் நின்றது

இருபதாயிரம் அடிச் சிகரத்துக்கு வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்களாம், பணம் கட்டலாமா என்று விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 1986-ஆம் வருடம் மே மாதக் கடைசியில் அப்படி ஒரு பயணம் போனேன். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடுகிறது, வீட்டில் இருப்பவர்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவள் தனலட்சுமி, ஒலக்கூர்ப் பக்கத்துப் பெண், நர்ஸ் வேலை. இருவருக்கும் ஒரே வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இமயமலைப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனோம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். அந்தப் பனி எங்களைப் பிடித்துக்கொண்டது.

படம் காட்டியவர் சென்னைக்காரர். தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டார், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ராணுவத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டோம். கல்லூரி கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்தவர் என்பது டெல்லி ரயிலில்தான் தெரிந்தது. அவர் கொடுத்த விளம்பரத் தாளில் மூன்று விஷயங்கள் தடித்த எழுத்தில் இருந்தன: கூடவே ஒரு டாக்டர், ஆக்சிஜன், மூன்று பேருக்கு ஒரு மலை வழிகாட்டி. கட்டணம் என்னுடைய மூன்று மாதச் சம்பளம். கட்டினேன். தனமும் கட்டினாள்.

பயிற்சி என்று எங்களை மயிலம் மலையில் மணல் பை தூக்கிக்கொண்டு ஓட வைத்தார். செஞ்சிக் கோட்டைப் பாறையில் கயிறு கட்டி இறக்கினார். அதெல்லாம் கால்களுக்கு நல்லதுதான். ஆனால் மயிலத்தில் மூச்சு வாங்காதவருக்கு இமயத்திலும் வாங்காது என்று சொன்னார் பாருங்கள், அதை நம்பியதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. உடம்பில் பலம் இருப்பதற்கும் காற்று குறைந்த இடத்தை உடம்பு பழகிக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை. மலைக்குக் கூட்டிப் போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேப்டனைத் தவிர ஒன்பது பேர் கிளம்பினோம். பெண்கள் நாங்கள் இருவர்தான். திண்டிவனம் பஸ் நிலையத்தில் தனத்தின் அப்பா ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுத்தார். சென்னை வரை பஸ், டெல்லி வரை இரண்டு இரவு ரயில். கம்பளிச் சட்டைகள் புதுச்சேரியில் கடை போட்டிருந்த திபெத்தியரிடம் வாங்கியவை. ரயிலில் கீழ்ப் படுக்கைக்காக எங்களோடு சண்டை போட்டவர் முருகையன், விழுப்புரத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஒன்பது பேரில் அவர்தான் பலசாலி. பொம்பளைங்க வந்தா வேகம் கொறஞ்சிடும் என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னார்.

டாக்டர் டெல்லியில் சேர்ந்துகொள்வார் என்றார் கேப்டன். டெல்லியில் இறங்கியதும் ரிஷிகேஷ் என்றார். ரிஷிகேஷில் உத்தரகாசி என்றார். உத்தரகாசியில் நான் மறுபடி கேட்டதற்கு, “நம்மகூட ஒரு சிஸ்டரே இருக்காங்களே டீச்சர், அப்புறம் என்ன?” என்று சிரித்தார். தனம் சிரிக்கவில்லை. அவளும் என்னைப் போலவே முழுக் கட்டணம் கட்டியவள்.

ரிஷிகேஷிலிருந்து கங்கோத்ரி ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். பாதை முழுக்க வளைவுகள். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கங்கோத்ரியே பத்தாயிரம் அடி. அங்கே ஒரு நாள் ஓய்வு, பிறகு அடிவார முகாமில் இன்னொரு நாள் ஓய்வு என்று தாளில் போட்டிருந்தது. இரண்டையும் கேப்டன் எடுத்துவிட்டார். ரயில் தாமதமாம். விழுப்புரத்தில் எங்களுக்குப் பாராட்டு விழா நாள் குறித்து நோட்டீஸ் அடித்தாயிற்றாம், மாற்ற முடியாதாம். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே சிகரம் ஏறியதற்கு விழா முடிவாகிவிட்டது. உடம்பு பழகுவதற்கான நாட்களை எடுத்து மேடைக்குக் கொடுத்துவிட்டார்.

சிகரத்தின் பெயரை நான் எழுதவில்லை. மலைமேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. கங்கோத்ரியிலிருந்து ஆற்றோடு பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் சமவெளி போல ஓர் இடம், அங்கே ஓர் ஆசிரமம். அதற்கு மேல் பனியாறு, அதைத் தாண்டி எங்கள் அடிவார முகாம். மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி என்றவர் ஒன்பது பேருக்குமாகச் சேர்த்து ஒருவரைத்தான் வைத்திருந்தார். பல்பீர் என்ற கட்வாலி இளைஞர், அந்த மலைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். அதிகம் பேச மாட்டார். என் அரைகுறை இந்தியைக் கேட்டு வாயைப் பொத்திக்கொள்வார்.

பதினாறாயிரம் அடியில் போட்ட முதல் முகாமில் தனத்துக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் தலைவலி என்றாள். காலையில் நான் எழுந்து பார்த்தபோது உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவள் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல ஒரு சத்தம்.

“கௌசி, நெஞ்சுல தண்ணி கோத்துக்கினு வருது. எச்சில் நுரையா வருது பாரு. நான் எறங்கிடணும்” என்றாள்.

கேப்டனைக் கூட்டிவந்தேன். அவர் கூடாரத்துக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

“இது பயம் சிஸ்டர். மொத தடவ வர்றவங்களுக்கு வரும். ஒரு மாத்திரை போட்டுக்கினு படுங்க.”

“நான் நர்ஸு சார். பயத்துக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.”

“ஆக்சிஜன் குடுங்க சார்” என்றேன் நான்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அது கங்கோத்ரிலயே இருக்கு. கோவேறு கழுதைக்கு எடை ஜாஸ்தியாப் போச்சு.”

அவர் பின்னால், கூடாரங்களுக்கு நடுவே, ஒரு நீள இரும்புக் குழாய் கிடந்தது. உள்ளே, பயணத்துக்குப் பணம் கொடுத்த கடைக்காரரின் பெயர் எழுதிய பேனர். உச்சியில் பிடித்துப் படம் எடுக்க வேண்டுமாம். அதற்கு மட்டும் எடை பார்க்கவில்லை.

பல்பீரை எங்களோடு அனுப்புங்கள் என்று கேட்டேன். பல்பீர் இல்லாமல் உச்சிக்குக் கயிறு போட முடியாது என்றார். “ஒருத்தருக்காக மத்தவங்க கனவ நான் கெடுக்க முடியாது டீச்சர்.” எங்கள் பைகளைக் கட்ட ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் முருகையன் தன் பையையும் கட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் வர்றேன் டீச்சர்.”

“நீங்க உச்சிக்குப் போகலையா?”

“திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல சிஸ்டரோட அப்பா என் கையைப் புடிச்சிக்கினு பாத்துக்கங்கன்னாரு. பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன். அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

இறங்கினால் சான்றிதழ் கிடையாது என்று கேப்டன் அவரிடம் கத்தினார். “நீங்களே வெச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு, முருகையன் கயிற்றை இருக்கைபோலக் கட்டித் தனத்தை முதுகில் ஏற்றிக்கொண்டார். மூன்று பைகளில் முடிந்ததை நான் தூக்கினேன், மீதியை அங்கேயே போட்டேன்.

பனியாற்றில் வெடிப்புகள் நிறைய. வழி தெரியாமல் நாங்கள் நின்றபோது பின்னால் விசில் சத்தம். பல்பீர் வந்துகொண்டிருந்தார். கேப்டனிடம் சொல்லாமல் வந்துவிட்டார். வெடிப்புகள் இருந்த பகுதி முழுவதும் தனத்தை அவர்தான் தூக்கினார். பனி முடிந்து கல் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, மேலே இருக்கிற ஆறு பேர் அந்த ஆளோடு தனியாக இருக்கிறார்கள், நான் போயாக வேண்டும் என்றார். ஓடையை விடாமல் இடது பக்கமாகவே போங்கள் என்று கையைக் காட்டினார். போகாதீர்கள் என்ற சொல் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் நியாயம்.

அதற்கப்புறம் கல்லும் சரிவும்தான். முருகையன் நூறடி நடப்பார், உட்காருவார். நான் தனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சில நேரம் அவள் பதில் சொன்னாள், சில நேரம் இல்லை. ஓரிடத்தில் அவள் தலை அவர் தோளில் துவண்டு விழுந்தது. ஒலக்கூருக்குப் போய் என்ன சொல்வேன் என்று நினைத்தேன், உடனே அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. இருட்டும் முன்பு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்த சாமியார்கள் கணப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டுச் சூடாக டீ கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தனத்தின் மூச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, “மல்லாட்டை மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள். முருகையன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்றே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

மறுநாள் குதிரையில் கங்கோத்ரி. நாங்கள் தங்கியிருந்த விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் அந்த ஆக்சிஜன் உருளை இருந்தது. முருகையன் அதை ஒரு கையால் தூக்கினார். “பேனர் கொழா இதவிட கனம் டீச்சர்” என்றார். உத்தரகாசி மருத்துவமனையில் டாக்டர், இன்னோர் இரவு மேலே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னார். தனம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அது முதல் நாளே தெரியும்.

கேப்டனும் இன்னும் இரண்டு பேரும் உச்சிக்குப் போனார்கள். விழா குறித்த நாளில் விழுப்புரத்தில் நடந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், நல்ல கூட்டம். அடுத்த வருடப் பயணத்துக்கு வாசலிலேயே பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தனம் இளைத்துப்போயிருந்தாள், ஆனாலும் அப்பாவோடு வந்திருந்தாள். மேடையில் கேப்டன் பேசினார். மன வலு இல்லாதவர்களுக்கு மலையில் சாயம் வெளுத்துவிடும் என்றார். பயந்துபோன இரண்டு பெண்களைக் கரைசேர்க்க நம் முருகையன் தன் சிகரத்தையே தியாகம் செய்தார் என்று சொல்லி, அவருக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்.

முருகையன் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

“டாக்டர் எந்த ஊர்ல வந்து சேர்ந்தாரு சார்? ஆக்சிஜன் எங்க இருந்துது?”

“அம்மா, இது பாராட்டு விழா. அப்புறம் பேசிக்கலாம், உக்காருங்க” என்றார் விழாக்காரர் ஒருவர். நான் உட்காரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முருகையன் தன் இடத்திலிருந்தே, “டீச்சர் சொல்றது நெசம். உருளைய நான்தான் தூக்கிப் பாத்தேன்” என்றார்.

அப்போது தனம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் பயந்தேன் சார், ஒத்துக்கறேன். செத்துடுவேன்னு பயந்தேன். அது சரியான பயம். நீங்க கூட்டிக்கினு போனவ சாவக் கெடக்குறான்னு உங்களுக்கு ஏன் சார் அந்த பயம் வரல?”

உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். அடுத்து யாரோ அவசரமாக நன்றியுரை ஆரம்பித்தார்கள். வாசலில் பெயர் கொடுத்திருந்தவர்களில் பலர் போய்த் தங்கள் பெயரை அடித்துவிட்டு வந்தார்கள்.

அதோடு நியாயம் கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. புகார் எழுதினோம், எங்கிருந்தும் பதில் இல்லை. அவர் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தினார், அவ்வளவுதான். வேறு ஊர்களில் அதே படங்களைக் காட்டி ஆள் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். எங்களோடு பனியாறு வரை வந்ததற்காகப் பல்பீரின் கூலியை அவர் பிடித்துக்கொண்டார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதை முருகையன் மணியார்டரில் அனுப்பினார். தனம் மூன்று வருடம் கழித்து என்னோடும் பல்பீரோடும் மறுபடி அந்தப் பக்கம் வந்தாள். போகும் வழியில் இரண்டு இடங்களில் முழு நாள் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். பதினேழாயிரம் அடியில் ஒரு கணவாயில் நின்றோம். அவளுக்குத் தலைவலிகூட இல்லை.

கேள்வி கேட்ட வாசகிக்கு. போங்கள். பனியை ஒரு தடவையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆனால் பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தில் ஓய்வு நாட்கள் எத்தனை என்று பாருங்கள், அவற்றை யாரும் தொட மாட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். டாக்டர் வருகிறார் என்றால் கிளம்பும் ஊரிலேயே அவர் முகத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகாமிலும் போய்த் தொட்டுப் பாருங்கள், சந்தேகப் பிராணி என்று பெயர் வந்தால் வரட்டும். தலைவலியோடு மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் இறங்குங்கள்.

பிறகு உங்களைக் கூட்டிப் போகிறவரிடம் நேராகக் கேளுங்கள்: போன பயணத்தில் யாருக்காக, எந்த இடத்தில் திரும்பினீர்கள்? இதுவரை ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னால், அந்த ஆளோடு விழுப்புரம் பஸ் நிலையம் வரைகூடப் போகாதீர்கள்.