ஜோசியர் குறித்த ஒன்பதேகால்

அம்பத்தூரில் நான் செக்கப்புக்குப் போன மருத்துவமனையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என்னைப் போலவே அவருக்கும் முதல் பிரசவம் சிசேரியன், அப்போது ஒன்பதாம் மாதம். நைட்டிக்கு மேல் கணவரின் கம்பெனி யூனிஃபார்ம் சட்டை. பழைய ஆபரேஷன் பேப்பர்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். யார் வாங்கிப் பார்த்தாலும் உடனே திருப்பிக் கேட்டுவிடுவார்.

அவருடைய மாமியார் நர்ஸிடம் ஒரு சீட்டை நீட்டினார். "ஜோசியர் குறிச்சுக் குடுத்தாரும்மா. வெள்ளிக்கெழம ஒம்போதேகாலுக்கு கொழந்தைய எடுத்துடுங்க."

நர்ஸின் கை நீள்வதற்குள் மருமகள் சீட்டைப் பிடுங்கிக் கவருக்குள் செருகினார்.

"நார்மலுக்குப் பாக்கலாம்னு டாக்டரே சொல்லிகீறாங்க அத்தே. வலி வந்தா இங்க ஓடியாரேன். கொழந்தைக்கு முடியலன்னா அப்பவே கிழிக்கட்டும், நானே கையெழுத்து போடறேன். ஜோசியருக்காவல்லாம் வவுத்தக் கிழிச்சுக்க மாட்டேன்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கைப்பையிலும் அப்படியொரு சீட்டு இருந்தது. நான் அதைத் தொடக்கூட இல்லை.

அவருக்கு எப்படிப் பிரசவமானது என்று தெரியாது. என் மகள் என் சீட்டில் இருந்த நிமிடத்திலேயே ஆபரேஷனில் பிறந்தாள். அவள் ஜாதகத்தை யாராவது மெச்சினால், "அவளா வந்திருந்தா எப்ப வந்திருப்பா?" என்று கேட்கத் தோன்றும். இப்போதெல்லாம் கேட்டே விடுகிறேன்.