சுத்தமாக அழித்துத் தரப்படும்

பழைய கம்ப்யூட்டரை விற்றுக் கொடுக்கும் தொழிலில் பாதி நேரம் அழிப்பதில் போகும். மீதி நேரம், ஏன் அழித்தாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில் போகும். என்னைப் போலவே வீட்டில் ஓர் அறையை ஒயர்களுக்கும் ஓட்டைப் பெட்டிகளுக்கும் தாரை வார்த்துவிட்டு, மனைவி எதிரே வந்தால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிற சக துன்பவாசிகளே, இது உங்களுக்காக.

எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வேலை. விடிந்து வீடு வந்தால் தூக்கம் வராது. வராத தூக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். அது திரும்பச் சேரவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஊரார் கம்ப்யூட்டர்களைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு அறை

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வரவேண்டும். கூடவே சம்பந்தியம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் என் கம்ப்யூட்டர்கள். வளைகாப்புக்கு முன்னால் காலி செய்துவிடுவதாக நான் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பிறந்த என் மனைவி சண்டையெல்லாம் போடவில்லை. அறை வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏனுங்க, பொறக்கற கொழந்தைய கீபோர்டு மேலயா படுக்கப் போடறது?"

கருப்புத் துணி

மறுநாளே பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, என்னுடையது அத்தனையையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் ஏற்ற முடியவில்லை. அது திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடும் ஒரு கவுண்டருடையது. ஆபீசுக்குப் புதிது வாங்கிவிட்டார். பழையதை, ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் அழித்து விற்றுக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அடுத்தவர் பொருளை எடைக்குப் போட முடியுமா? யார் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, யார் தோட்டத்தில் வெறும் புழுதி வந்தது என்று பத்து வருஷக் கணக்கு அதில் இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்தேன். அத்தனை பேருடைய தாகமும் திரையில் ஒரு கோடாக நகர்ந்து முடிந்தது. அன்று மத்தியானமும் தூக்கம் வரவில்லை.

முதலில் பார்க்க வந்தவர் ஜலகண்டாபுரத்து விசைத்தறிக்காரர். போட்டுக் காட்டினேன். கருப்புத் திரையில், உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. இதுதாங்க முறை, பெட்டி சுத்தமாக இருக்கிறது, நீங்கள் விருப்பப்பட்டதைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தறி வாங்கப் போனாப் பாவு நூல் ஏத்தி ஒரு மொழம் ஓட்டிக் காட்டுவாங்க. நீங்க என்னங்க, கருப்புத் துணியப் போத்தி வெச்சு, உள்ள தறி இருக்குதுங்கறீங்க?"

நம்பர் இல்லாத வண்டி

புத்தி வந்தது. ஓசியில் கிடைக்கும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். திரையில் மலையும் ஏரியுமாகப் படம் வந்தது. வந்த உற்சாகத்தில் வெளிப்புறத்தையும் விடவில்லை. ஆபீஸ் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய போன் நம்பர்கள், மானிட்டர் நெற்றியில் காய்ந்து கெட்டியாகிக் கிடந்த ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வராததைச் சுரண்டி எடுத்தேன். கல்யாணத்தன்று நான்கூட அவ்வளவு பளபளப்பாக இல்லை.

அடுத்து வந்தவர் சேலம் டவுனில் பழைய பைக் வாங்கி விற்கும் பாய். கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பினார். ஸ்டிக்கர் இருந்த இடத்தை நகத்தால் தடவினார். இதற்கு முன்னால் இது யாரிடம் இருந்தது என்பதற்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமே இல்லை பாய், அவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. எங்க தொழில்ல இந்த அளவுக்குச் சொரண்டி வந்தா அது திருட்டு வண்டி. ஓனரக் கூட்டியாந்து என் கண்ணுல காட்டுங்க, எடுத்துக்கறேன்."

பொட்டு

வளைகாப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கவுண்டருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். பாவம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதற்காக அவ்வளவு தூரம் கார் எடுத்துக்கொண்டு வந்தார். பாயும் வந்தார். கவுண்டர் வாயால் என்னுடையதுதான் என்று சொன்னால் போதும், பெட்டி வண்டியேறிவிடும், அறை காலி. பாய் ஆட்டோவைக்கூட நிற்க வைத்திருந்தார்.

கவுண்டர் மானிட்டரைப் பார்த்தார். பத்து வருஷக் கணக்கு போய்விட்டதா என்று கேட்பார் என எதிர்பார்த்து, போய்விட்டது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ரிக் வண்டிக்கும் கம்ப்ரசருக்கும் இதற்கும் ஒரே தட்டிலிருந்து பொட்டு வைப்பார்களாம். தொழில் செய்து சோறு போட்ட பொருளை வெறும் நெற்றியோடு அடுத்தவர் கையில் கொடுத்தால் தன் தொழிலே அதோடு போய்விடும் என்றார். ஓடிப்போய்க் குங்குமம் எடுத்துவருகிறேன் என்றேன். அழித்துவிட்டு வைப்பது கணக்கில் வராது என்றார். வீட்டுக்கே எடுத்துப் போகிறீர்களா என்றேன். ஐயையோ, இந்தக் கோலத்தில் ஊட்டுக்குள்ளே வரக்கூடாது என்றார். இது திருட்டுச் சாமான் இல்லை என்று அப்போதுதான் முழுசாக நம்பிய பாய், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெறும் ஆட்டோவில் ஏறிப் போனார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. கவுண்டருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். தோளில் கை வைத்தார்.

"கணக்க அழிக்கச் சொன்னேன், அழிச்சீங்க, சரிங்க. பொட்ட அழிக்கச் சொன்னது யாருங்க தம்பி? போச்சாது, விடுங்க. விக்கவும் வேண்டாம், திருப்பியும் வேண்டாம். பேரனோ பேத்தியோ பொறந்து வெளையாடட்டும், நீங்களே வெச்சுக்கங்க."

படிக்குக் கீழே

ஒருவர் மனசாரக் கொடுத்ததை இரும்புக்காரரிடம் தள்ளத் துணிச்சல் வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாறும் சிமெண்ட் சாக்கும் கிடந்த மூலையைக் கூட்டி, கம்ப்யூட்டரை வைத்து, அதற்கு முன்னால் என்னையும் வைத்துக்கொண்டேன். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. சம்பந்தியம்மா வந்து ஜன்னலைத் திறந்து பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மகள் கை நிறைய வளையல் சத்தத்தோடு வீட்டைச் சுற்றிவந்தவள், படிக்குக் கீழே தலை இடிக்காமல் மடங்கி உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு நின்றாள். எனக்கு ரூமைக் கொடுத்துவிட்டு அப்பா இங்கேயா படுக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாள். கண் கலங்கியிருந்ததுபோல் இருந்தது. நானும் ஏதாவது உருக்கமாகச் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிட்டது.

"உங்கப்பன் படுத்து நான் எப்பப் பாத்திருக்கறேன், சாமி? நீ போயி காலை நீட்டிப் படு."

ஆக, இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் ஐயம் திரிபறக் கற்றுக்கொண்டது, ஒரு நல்ல கம்ப்யூட்டரை எப்படியெல்லாம் விற்க முடியாமல் செய்யலாம் என்பதை மட்டும்தான்.