கைலேஞ்சித் தையல்

வேலை தேடி அலைந்த காலத்தில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் சில மாதம் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளினேன். அங்கிருந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஒல்லியான மனிதர். ஓய்வு கிடைத்தால் முகம் துடைக்கும் கைலேஞ்சியை விரித்து, மயிர் போன்ற நூலால் நுணுக்கமாகத் தைத்துக்கொண்டிருப்பார். ஏனென்று கேட்டேன்.

“சின்னப் பிள்ளையளின்ர மூத்திரவழி ஒப்பரேஷன் சீமையில படிச்சனான். இங்க முறிஞ்ச காலும் குடலிறக்கமும்தான் வருது. கை மறந்துபோகும், தம்பி.”

ஒருநாள் மூதூர்க்காரர் ஒருவர் மகனைக் கொண்டுவந்தார்.

“சுன்னத்து வைக்கிற ஒஸ்தா இவனுக்கு ஏலாதெண்டு சொல்லிட்டார், டொக்டர். நீங்க வெட்டிவிடுங்க.”

பிள்ளைக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லை, கீழ்ப்பக்கம் இருந்தது. சுன்னத்தில் வெட்டும் முன்தோலால்தான் புதுவழி அமைக்க வேண்டுமாம். ஒஸ்தா வெட்டியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

டொக்டர் செய்த ஒப்பரேஷனில் பிள்ளை சுகமாகி வீடு போனதும், ஒஸ்தாவுக்கு நன்றி சொல்ல டொக்டர் லாஞ்சுப் படகில் மூதூர் போனார். நானும் கூடப் போனேன்.

“இப்படிப் பிள்ளைகள நான் தொடுறல்ல,” என்றார் ஒஸ்தா. “எத்தனையோ பேரத் திருப்பி அனுப்பியிருக்கன்.”

“எங்க அனுப்பினீங்கள்?”

“எங்க அனுப்புற? ஊட்டுக்குத்தான். இதுக்கு வைத்தியம் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

திரும்பும்போது டொக்டர் கைலேஞ்சியை எடுத்தார், ஊசியை எடுக்கவில்லை. மூதூர்க் கரை மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் நான் வேறு ஊர் போய்விட்டேன். ஒஸ்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகாவது அவரிடம் வந்து சேர்ந்தார்களோ, இன்றும் யோசிக்கிறேன்.