மேலே ஒரு காலிக் கட்டம்

நாற்காலியில் உட்காருமுன் தெய்வாத்தாள் மெத்தை உறையின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். மனநல ஆலோசகர் வெங்கடபதியின் அறைக்கு வந்துபோகும் ஐந்து வாரங்களில் இந்தச் சோதனை ஒருநாளும் தவறியதில்லை. "சார், இங்க ரெண்டு தையலு உட்டுப் போயிருக்குதுங்க, பாத்தீங்களா?" என்று காட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. பதினைந்து வருஷமாக ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று, பனியனுக்குள் கையை விட்டு விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் என்று தேடித் தேடிக் கண் அதற்கே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் ரவிக்கை ஓரம்தான் அவள் கண்ணில் படும். "எங்கையில பாஸான பீசு திரும்பி வந்ததே இல்லீங்க" என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மட்டும் ஒருமுறை வந்திருக்கிறது. சூப்பர்வைசர் திரும்பி வந்த பனியன் மூட்டையை அத்தனை பேர் நடுவில் அவள் தலையில் கொட்டினாராம். "அன்னிக்கு அவரு கொட்டலீன்னா நானெல்லாம் ஆளாயிருக்க மாட்டனுங்க" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் பஸ் ஏறிச் சிங்காநல்லூர் வருவது மகளுக்காக. பத்தாவது படிக்கும் லோகப்பிரியா, அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் ஒரே ஒரு முக்கோணத்தை வரைந்து அழித்து, வரைந்து அழித்து, கடைசியில் தாளில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மார்ச்சில் பொதுத்தேர்வு. எழுத மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். முதல் நாள் இருவரையும் பார்த்த வெங்கடபதி, "முதல்ல உங்களோட நாலு வாரம் பேசறனுங்கம்மா" என்றார். பெற்றவளுக்குக் கொடுக்கிற மரியாதை என்று தெய்வாத்தாள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய நெஞ்செரிச்சல், வராத தூக்கம் எல்லாவற்றையும் அவர் விசாரித்தார். கேட்கிறவர் கேட்கட்டும் என்று அவளும் சொல்லிவைத்தாள்.

ஐந்தாம் வாரம் அவர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். கட்டங்களும் அவற்றைச் சுற்றிவரும் அம்புக்குறிகளுமாக இருந்தது. "நீங்க சொன்னதையெல்லாம் சேத்து, எது எதனால வருதுன்னு வரைஞ்சிருக்கறேன். பொருந்தலீன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்."

அவள் விரல் வைத்துப் படித்தாள். தப்பு வந்துவிடுமோ என்ற பயம். அதனால் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பார்த்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. பார்த்ததால்தான் தப்பித்தோம் என்ற எண்ணம். மறுபடியும் பயம். மேலே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அப்படியே எம்பொண்ணுதானுங்க சார்! கூட இருந்து பாத்தாப்புடி எழுதிப்போட்டீங்களே! மேல ஏனுங்க ஒண்ணும் எழுதல?"

வெங்கடபதி பேனாவை எடுத்தார். "இது உங்களோட படமுங்கம்மா" என்று சொல்லி, காலிக் கட்டத்தில் எழுதினார்: தலையில் கொட்டிய பனியன் மூட்டை.

தெய்வாத்தாள் இத்தனை வருஷம் சிரித்துச் சொன்ன கதை பேனா மையில் வேறாகத் தெரிந்தது. அன்றைக்குக் கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். சற்றுமுன் இந்தப் படத்தைப் பார்த்து மகள் என்று சொன்னது தன் வாய்தானே!

"அப்ப எம்பொண்ணுக்கு..." மேல் கட்டத்தில் விரலை வைத்தாள். "அவளுக்கு அந்த மேல் கட்டத்துல என்னத்தைங்க எழுதுவீங்க?"

"உங்களுக்கு என்னுங்க தோணுது?" என்றார் அவர் மெதுவாக.

லோகப்பிரியாவை எந்தச் சூப்பர்வைசரும் எதுவும் செய்ததில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் நோட்டு தெய்வாத்தாளின் மடிக்கு வரும். ஒரு கோடு கோணினாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, முதலிலிருந்து எழுதச் சொல்வாள். நல்லதுக்கென்றுதான் செய்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கூட வந்திருந்த லோகப்பிரியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. தெய்வாத்தாள் வாசலிலேயே நின்று மகளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கே பெண் விறைத்து எழுந்தாள். காலரைத் தடவினாள், பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். "என்னுங்கம்மா, எங்க தப்பாயிருக்குது?"

அவிழ்ந்த ரிப்பனைக் கட்ட நீண்ட தன் வலக்கையைத் தெய்வாத்தாள் இடக்கையால் பிடித்திழுத்து, முதுகுக்குப் பின்னால் இறுக்கி வைத்துக்கொண்டாள்.