விடுமுறையில் போட்ட ஊசி

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை அண்ணி வாசலில் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். தோளில் கை போட்டு வந்தால் ஒன்று, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தால் இரண்டு. பள்ளிக் காவலாளிக்குச் சந்தேகம். "எந்தப் பிள்ளைம்மா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டே விட்டார். "எல்லாப் பிள்ளையுந்தாங்க" என்றாராம் அண்ணி.

சுகாதாரத் துறையில் நோய்க் கணக்கு போடுவது அவர் வேலை. தொற்று எப்படிப் பரவும், எப்போது தடுப்பூசி போட்டால் அடங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார்; பள்ளி வாசலில் எண்ணியதும் அதற்குத்தான். நிஜ ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் என்பது வேறு விஷயம்.

முதல் கணக்கு சொதப்பியது. கணினியில் தட்டம்மை வழக்கமாக வரும் மாதத்தைத் தவிர மற்ற எல்லா மாதத்திலும் வந்தது. ஒரு வாரம் அண்ணி கணினித் திரையை விட்டு எழவில்லை. பள்ளி ஆசிரியரான என் அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி, உன் கணக்குல எங்களுக்கு லீவே கிடையாதா?"

கணக்கில் வருடம் முழுக்கப் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்திருந்திருக்கிறார்! விடுமுறையைச் சேர்த்ததும், பத்து வருட நோய்ப் பதிவோடு கோடு கச்சிதமாகப் பொருந்தியது.

அண்ணிக்கு ஆற்றாமை அப்போதுதான் தொடங்கியது. பள்ளி திறந்து, மருத்துவமனை வார்டு நிரம்பிய பிறகே ஊசி முகாம் நடத்தி வந்திருக்கிறார்கள். அதே மருந்தை விடுமுறையிலேயே போட்டுவிட வேண்டும் என்றார் அண்ணி. அதிகாரி மசியவில்லை.

"லீவுல ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்கம்மா. மருந்து வீணாச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். எழுதியே குடுக்கிறேன்."

கொடுத்தும் விட்டார். அதிகாரி ஒப்புக்கொள்ள, விடுமுறையிலேயே நர்சுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கணக்கு தப்பினால் வேலைக்கே உலை. ஆனால் அவர் பயம் அதுவல்ல. "ஊருக்குப் போயிட்டதால ஊசி கெடைக்காத பிள்ளைங்கள நெனச்சா சோறே எறங்கல" என்றார் என்னிடம்.

பள்ளி திறந்தது. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. போன வருடம் நாற்பத்தொரு பிள்ளைகள் கிடந்த வார்டுக்கு இந்த முறை வந்தது மூன்றே பேர். மூவரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நேற்று அண்ணியோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். தட்டம்மைக் காலத்துக்கென்று வராந்தாவில் போட்டிருந்த கூடுதல் கட்டில்களைச் சாமான் அறைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் வார்டு நர்ஸ்.

"ஒருத்தரும் படுக்கலம்மா இதுல" என்றார் அவர், சிரிப்பை அடக்க மாட்டாமல்.

அண்ணி கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு, ஓடிப்போய் ஒரு கட்டிலின் கால்மாட்டைத் தானே தூக்கிப் பிடித்தார்.